குதிரைக்காரன் கத்துவதும் புறாக்காரன் கத்துவதும்

வாசகர் ஒருவர் போட்டது, ஜனவரி 16, 2025

அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குக் கடுமையான மருந்துச் சோதனை வந்ததும் டிரெய்னர்கள் கூட்டமாகக் கோர்ட்டுக்குப் போனார்கள். இப்போது வடசென்னையில் ஒரு புறா சங்கம், ஜெயிக்கிற ஹோமரின் (வீடு திரும்பும் பந்தயப் புறா) எச்சத்தை எடுத்துச் சோதிப்போம் என்று சொன்னதும் இங்கேயும் அதே கூச்சல். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? யார் கத்துகிறானோ அவன் கூண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜனவரி 16, இரவு 10.50

கத்தினவர்களில் நானும் ஒருவன். தண்டையார்பேட்டை, மொட்டை மாடி, நாற்பத்திரண்டு பறவை. வந்து பார்க்கலாம்.

முதலில் குதிரை விஷயம். அந்தச் சோதனையை நாடு முழுக்க ஒரே விதியாக்கிய சட்டம் 2020-இல் வந்தது. மைதானப் பாதுகாப்பு விதிகள் 2022 ஜூலையிலும் மருந்து விதிகள் 2023 மே மாதத்திலும் நடைமுறைக்கு வந்தன. அதுவரை மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி. ஒரு ஊரில் சரியாக இருந்த ஊசி பக்கத்து ஊரில் குற்றம். அதை ஒன்றாக்கியது நல்ல காரியம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. டிரெய்னர்கள் பயந்தது வேறு விஷயத்துக்கு. குதிரை உடம்பில் எது கிடைத்தாலும் டிரெய்னர்தான் பொறுப்பு. அவர் கொடுத்தாரா, வேறு யாராவது கொடுத்தார்களா, தீனியில் கலந்து வந்ததா என்பதெல்லாம் அப்புறம். அது எப்படி உள்ளே போனது என்று அவரே நிரூபிக்க வேண்டும். இரவு பதினோரு மணிக்கு லாயத்தில் யார் என்ன செய்தார்கள் என்று ஐம்பது குதிரை வைத்திருக்கிற மனுஷன் எப்படி நிரூபிப்பான்?

தப்பு செய்யாதவன் பயப்படுவது இதற்குத்தான். தப்பு செய்கிறவன் கணக்குப் போட்டுச் செய்கிறான். எந்த மருந்து எத்தனை நாளில் வெளியேறும் என்று அவனுக்குத் தெரியும். ஒன்றும் தெரியாதவன்தான் மாட்டுவான்.

ஜனவரி 17, காலை

இரவு எழுதியதைப் படித்துப் பார்த்தேன், கொஞ்சம் சூடாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஒரு உதாரணம் விட்டுப்போயிற்று. 2021 கென்டக்கி டெர்பி, அமெரிக்காவின் பெரிய குதிரைப் பந்தயம். மெடினா ஸ்பிரிட் என்ற குதிரை முதலில் வந்தது. டிரெய்னர் பாப் பாஃபர்ட், அந்த ஊரில் அவருக்கு மேல் பெயர் கிடையாது. சோதனையில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கிடைத்தது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 21 பிக்கோகிராம். பிக்கோகிராம் என்றால் ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு. குதிரைக்குத் தோலில் புண், அதற்குப் போட்ட களிம்பில் அந்த மருந்து இருந்தது என்றார்கள். அன்றைக்கே பட்டத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

களிம்பு! நம் வீட்டில் சேற்றுப்புண்ணுக்குத் தடவுகிற சாமான்.

ஜனவரி 17, மாலை

இரண்டு தப்பு. சுட்டிக்காட்டிய தம்பிக்கு வணக்கம்.

ஒன்று, பிக்கோகிராம் கோடியில் ஒரு பங்கு இல்லை, லட்சம் கோடியில் ஒரு பங்கு. இரண்டு, பட்டம் அன்றைக்குப் பறிபோகவில்லை. பந்தயம் 2021 மே மாதம், தகுதிநீக்கம் 2022 பிப்ரவரியில். அந்தக் குதிரை அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 2021 டிசம்பரிலேயே பயிற்சி ஓட்டத்துக்குப் பிறகு விழுந்து செத்துப்போயிற்று.

லட்சம் கோடி என்று சொன்னால் மண்டையில் ஏறவில்லை என்று பெண்ணிடம் கேட்டேன். பிளஸ் டூ படிக்கிறாள். புழல் ஏரி முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஏரி நிரம்பி நிற்கும்போது அதில் இரண்டு கிலோ சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினால் கிட்டத்தட்ட அந்த 21 பிக்கோகிராம் கணக்கு வரும் என்று நோட்டில் போட்டுக் காட்டினாள். நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். அவள் மூன்றாவது தடவை சரிபார்க்கச் சொல்லி என்னை முறைத்தாள்.

புழலில் இரண்டு கிலோ சர்க்கரை. அந்தத் தண்ணீரைக் குடித்து யாராவது இனிக்கிறது என்பார்களா?

ஜனவரி 18

"இனிக்கிறதா என்பது கேள்வி இல்லை, சர்க்கரையைக் கொட்டினது யார் என்பதுதான் கேள்வி" என்று பதில் வந்திருக்கிறது. நல்ல பதில். எனக்கு ராத்திரி முழுக்க அதுதான் ஓடியது.

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் டிரெய்னர் சங்கத்தின் ஏஜென்ட் என்பீர்கள். 2020 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரே அடியாக இருபத்தேழு பேர் மேல் வழக்குப் போட்டார்கள். டிரெய்னர்கள், கால்நடை டாக்டர்கள், மருந்து விற்றவர்கள். ஹோர்ஹே நவாரோ என்ற டிரெய்னருக்கு ஐந்து வருடம், ஜேசன் செர்விஸ் என்பவருக்கு நான்கு வருடம். நவாரோவின் எக்ஸ் ஒய் ஜெட் என்ற குதிரை 2019-இல் துபாயில் பெரிய பந்தயம் ஜெயித்தது, 2020 ஜனவரியில் மாரடைப்பில் போயிற்று. இதெல்லாம் களிம்பு கேஸ் கிடையாது. சோதனையில் அகப்படாத மருந்தாகப் பார்த்து வாங்கி ஏற்றினார்கள். போலீஸ் போனை ஒட்டுக்கேட்டுத்தான் பிடித்தது, மூத்திரக் குப்பியை வைத்து இல்லை.

இதைக் கவனியுங்கள். பெரிய திருடன் சோதனையில் மாட்டவே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இன்றைக்குப் பயிற்சிக்கு கூடூரில் விட்டோம். சுள்ளென்று வெயில், காற்று எதிர்க்காற்று. நாலு பறவை இன்னும் வரவில்லை. அத்திப்பட்டு புகைபோக்கிப் பக்கம் வைரி (வேட்டைப் பறவை) அடிக்கிறது என்று மீஞ்சூர் ஆள் ஒருவர் சொன்னார். மனசு சரியில்லை, நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 20

மூன்று வந்துவிட்டன. ஒன்றுக்கு வால் பாதி இல்லை.

எங்கள் ஆட்டம் தெரியாதவர்கள் கேட்டிருந்தார்கள். கர்ணம் அடிக்கிற புறா வேறு, ஹோமர் வேறு. ஹோமரை வண்டியில் ஏற்றி வடக்கே கொண்டுபோய் விடுவோம், அது வீடு பார்த்துத் திரும்பும். நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, அதற்கு மேல் பல்லார்ஷா, நாக்பூர் என்று ரயில் பாதையோடு ஊர் ஏறிக்கொண்டே போகும். வேகம்தான் கணக்கு. அவரவர் கூண்டு வரைக்கும் உள்ள தூரத்தைப் பறந்த நிமிடத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று பார்ப்பார்கள். ராயபுரத்துக் கூண்டும் மாதவரத்துக் கூண்டும் ஒரே தூரம் இல்லையே.

முன்பு காலில் ரப்பர் வளையம் மாட்டி அனுப்புவார்கள். பறவை வந்ததும் வளையத்தைக் கழற்றி, சீல் வைத்த கடிகாரத்துக்குள் போட்டுத் திருகினால் நேரம் பதியும். பறவை வந்து ஓட்டுக்கூரை மேல் உட்கார்ந்துகொண்டு உள்ளே இறங்காமல் நம்மைப் பார்த்துத் தலையை ஆட்டும் பாருங்கள், அந்த ரெண்டு நிமிடத்தில் எனக்கு நரைத்த முடி எத்தனையோ. இப்போது பணம் உள்ளவர்கள் சிப் வளையம் வைத்திருக்கிறார்கள். பலகையை மிதித்தாலே நேரம் பதிந்துவிடும். சிப் வந்தால் ஏமாற்று ஒழியும் என்று சொல்கிறவர்களுக்கு ஷாங்காய்க் கதையைச் சொல்கிறேன்.

இரண்டு பேர். 2017-இல் ஷாங்சியூ என்ற ஊரிலிருந்து ஷாங்காய்க்குப் பந்தயம், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். இவர்கள் நாலு பறவைக்கு இரண்டு ஊரிலும் கூண்டு காட்டி, இரண்டுமே வீடு என்று பழக்கிவிட்டார்கள். அங்கே திறந்துவிட்டதும் பறவை நேராக ஷாங்சியூ கூண்டுக்கே போயிற்று. அதைப் பிடித்துப் பால் அட்டைப்பெட்டிக்குள் போட்டு புல்லட் ரயிலில் ஏறிவிட்டார்கள்! பறவைக்கு எட்டு மணி நேரம் ஆகும் தூரம், ரயிலுக்கு மூணேகால் மணி. ஷாங்காயில் இறங்கிக் கூண்டுப் பக்கம் விட்டார்கள். கூட ஆடினவர்கள் வேகத்தைப் பார்த்துவிட்டு, இது புறாவா ராக்கெட்டா என்று கேட்கவும், பரிசை வேண்டாம் என்று விட்டுவிட்டு நாலு பறவையையும் கொன்றுவிட்டார்கள். 2018-இல் தண்டனை.

பறவை என்ன தப்பு செய்தது? சொல்லிக்கொடுத்தபடி வீட்டுக்குத்தான் போயிற்று.

ஜனவரி 21

"விஜயவாடாவிலிருந்து வந்தே பாரத்தில் புறா ஏற்றலாமா" என்று கேட்ட அண்ணனுக்கு: ஏற்றிப் பாருங்கள், வேகக் கணக்கு வைத்தே பிடித்துவிடுவோம். எங்கள் ஆட்களுக்கு வேறு வேலை இல்லை.

ஜனவரி 23

சித்தப்பா கதை சொல்லாமல் இது முடியாது.

எங்கள் சித்தப்பா எண்பதுகளில் கிண்டியில் சைஸ். தெரியாதவர்களுக்கு, சைஸ் என்றால் குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, நடக்க வைத்து, அதன் பக்கத்திலேயே தூங்குகிற ஆள். லாயத்திலேயே தங்கிவிட்டு வாரம் ஒருமுறை பீச் ரயில் பிடித்து வீட்டுக்கு வருவார். சட்டையில் குதிரை வாசம் வரும். எங்களுக்கு அது பிடிக்கும், சித்திக்குப் பிடிக்காது. ரேஸ் அப்போது இருந்தும் இல்லாத நிலைமை. 1974-இல் தி.மு.க. அரசு குதிரைப் பந்தயத்தை நிறுத்தச் சட்டம் போட்டது, வழக்கு இழுத்துக்கொண்டே போய் 1996-இல் உச்ச நீதிமன்றம் இது சூதாட்டம் இல்லை, திறமை விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் சித்தப்பா வேலையை விட்டே பல வருடம் ஆகிவிட்டது.

விட்டாரா, விரட்டினார்களா என்றால், விரட்டினார்கள். அவர் பார்த்துக்கொண்ட குதிரை ஒன்று ஜெயித்து, சோதனையில் கஃபீன் இருந்தது. டிரெய்னர் விசாரணையில் போய், சைஸ் டீ குடித்துவிட்டு அந்தக் கையோடு தீனி கலந்திருப்பான் என்றார். டிரெய்னருக்கு அபராதமும் கொஞ்ச நாள் தடையும். சித்தப்பாவுக்கு வேலை போயிற்று. அதற்கப்புறம் கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கினார்.

பேர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நான் சொல்ல வந்தது இதுதான். விதி டிரெய்னர் தலையில் விழுகிறது, டிரெய்னர் அதைச் சைஸ் தலையில் இறக்கிவைக்கிறார். அமெரிக்காவிலும் இப்போது மெட்ஃபார்மின் கேஸ்கள் வந்தன. நம் அப்பாக்கள் சாப்பிடுகிற அதே சர்க்கரை மாத்திரை. லாயத்தில் வேலை செய்கிறவர்கள் சாப்பிட்டது வைக்கோல் வழியாகக் குதிரைக்குப் போயிருக்கும் என்று அங்கேயும் வாதாடினார்கள். அதாவது வேலைக்காரன் லாயத்து மூலையில் ஒதுங்கியிருப்பான் என்று அர்த்தம்.

ஜனவரி 26

அம்மாவுக்கு மேலே உள்ளதைப் படித்துக் காட்டினேன். பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். அம்மா சிரிக்கிறாள்.

"உங்க சித்தப்பா அந்தக் குதிரைக்குத் தினமும் டீயில நனைச்ச பன்னு குடுப்பாரு. அது வாயைத் தொறந்துகிட்டு நிக்குமாம். சித்தி எத்தனை தடவை திட்டியிருக்கா தெரியுமா" என்றாள்.

நாற்பது வருடம் எங்கள் வீட்டில் சித்தப்பா நிரபராதி. நான் பள்ளிக்கூடத்தில் கூடச் சண்டை போட்டிருக்கிறேன் அதற்காக.

ஒரு பன்னில் எவ்வளவு கஃபீன் இருக்கும், அது பந்தயத்தில் ஒரு அடியாவது கூட்டுமா என்றெல்லாம் கேட்கலாம். ஆனால் கொடுத்திருக்கிறார். பிரியமாகக் கொடுத்திருக்கிறார். விசாரணையில் வாயே திறக்கவில்லை என்று சித்தி சொல்வாள், அது ரோஷம் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜனவரி 27

இல்லை, 23-ஆம் தேதி எழுதியதை நான் அழிக்கப்போவதில்லை. டிரெய்னர் செய்தது சரி என்றும் சொல்லமாட்டேன். டீ கிளாஸை லாயத்துக்குள் கொண்டுவராதே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மாட்டினபிறகுதான் டீ ஞாபகம் வந்தது.

ஜனவரி 30

சங்கக் கூட்டம் நடந்தது. அங்கே நடந்த காமெடியைச் சொல்லியே ஆக வேண்டும்.

எச்சத்தை எடுத்து எங்கே அனுப்புவது? டெல்லியில் உள்ள தேசிய ஊக்கமருந்துச் சோதனைக் கூடம் குதிரை சாம்பிள் பார்க்கிறது, புறா எச்சத்தை நாங்கள் கொண்டுபோய் நின்றால் வாசலிலேயே சிரிப்பார்கள். 2013-இல் பெல்ஜியம் புறா சம்மேளனம் இருபது சாம்பிளைத் தென்னாப்பிரிக்காவின் குதிரைப் பந்தய ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தது. ஆறு மாட்டின. ஐந்தில் வலி மருந்து, ஒன்றில் கொக்கைன். சொந்த நாட்டுச் சோதனையில் அதே சாம்பிள்கள் சுத்தமாக இருந்தனவாம். பெல்ஜியத்தில் ஒரு புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போகிற ஊர், அவர்களுக்குக் கட்டும். எங்கள் கோப்பை பித்தளை முலாம்.

செலவைக் கேட்டதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. அப்புறம் ஒரு பெரியவர் எழுந்து, "இப்ப டெஸ்ட் பண்ண வேணாம், டப்பாவுல எடுத்து ஃப்ரிட்ஜுல வெச்சுக்கலாம். சந்தேகம் வந்தா அப்ப பார்க்கலாம்" என்றார். யார் வீட்டு ஃப்ரிட்ஜ்? மூன்று பேர் கையைத் தூக்கினார்கள், மூன்று பேர் மனைவிமாரும் அன்றைக்கு ராத்திரியே கையை இறக்க வைத்துவிட்டார்கள். தோசை மாவுக்குப் பக்கத்தில் புறா எச்சமா என்று கேட்டதாகத் தகவல். கடைசியில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிச் சங்க அறையில் வைத்தார்கள்.

நான் அங்கேயும் கத்தினேன். சோதிக்கவே முடியாத சோதனை எதற்கு, இது வெறும் டப்பா என்று.

பிப்ரவரி 1

டப்பா வேலை செய்கிறது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கிற எங்கள் ஆள் ஒருவர் சொன்னார். ஒவ்வொரு வருடமும் தை பிறந்ததும் ஒரு குறிப்பிட்ட மாத்திரையைக் கேட்டு வருகிற முகங்கள் இந்த வருடம் வரவில்லையாம். யார் யார் என்று சொன்னார். இரண்டு பேர் கூட்டத்தில் என் பக்கத்தில் நின்று என்னோடு கத்தினவர்கள்.

பிப்ரவரி 2, விடியற்காலை 4.30

தூக்கம் வரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடைக்கு நானும் போயிருக்கிறேன். மூன்று வருடம் முன்பு விஜயவாடா பந்தயத்துக்கு முன்னால். என்னிடம் நீலக்கோட்டுப் பெட்டை ஒன்று, இந்தக் கூண்டிலேயே முட்டை பொரிந்து வளர்ந்தது. மூச்சு விடும்போது கர் கர் என்று சத்தம். பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள். அதை நிறுத்திவைத்திருக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டில் கால் மாத்திரை கொடுத்துப் பாருங்கள் என்றார். கொடுத்தேன், பத்து நாள். சத்தம் நின்றது. முந்நூற்று எண்பது கிலோமீட்டர் தாண்டி வந்து இரண்டாம் இடம். கோப்பையைத் தெருவில் காட்டிக்கொண்டு போனேன், பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தன.

வைத்தியத்துக்குக் கொடுத்தேன், ஜெயிக்கக் கொடுக்கவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. அந்த வகை மருந்து பறவை இறகு உதிர்ப்பதையும் நிறுத்திவைக்கும், பறக்கும் இறகு முழுசாக இருக்கும், வேகம் குறையாது. வெளிநாட்டில் இதற்காகவே கண்ணில் சொட்டுப் போடுவார்கள், நம் ஆட்களும் தெரிந்துதான் வாங்குகிறார்கள். எனக்கும் தெரியும், அரைகுறையாக. தெரியாத மாதிரி வைத்துக்கொண்டேன். அந்த வருடம் அது சரியாக இறகு மாற்றவே இல்லை. முளைத்தது கோணல்மாணலாக முளைத்தது. அதற்குப் பிறகு நான் அதை எந்தப் பந்தயத்துக்கும் ஏற்றவில்லை. இப்போதும் கூண்டில்தான் இருக்கிறது, மேல் தட்டில், யாரையும் பக்கத்தில் விடாது.

முதல் கேள்வியைப் போட்ட நண்பருக்கு: கத்துகிறவன் கூண்டைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 16-ஆம் தேதி நான் எழுதினதும் பொய் இல்லை. ஒன்றும் தெரியாமல் மாட்டுகிறவன் இருக்கிறான். நான்தான் அவன் இல்லை.

பிப்ரவரி 3

நிறையப் பேர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறீர்கள். சிலர் திட்டி, சிலர் எந்த மாத்திரை எத்தனை நாள் என்று கேட்டு. இரண்டாவது வகைக்குப் பதில் கிடையாது.

கோப்பையைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று ஒருவர். கொடுக்கப் போனேன். செயலாளர், மூன்றாவதாக வந்தவர் செத்துப்போய்விட்டார், யாரிடம் கொடுப்பது என்றார். சங்க அறை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஓங்கோல் பந்தயம். ஆறரைக்குத் திறந்தார்கள். என் சாம்பல் சேவல் பத்தேகாலுக்கு உள்ளே இறங்கியது. நாலாவது இடம். முதல் ஐந்துக்கும் எச்சம் எடுக்க வேண்டும் என்று விதி, எதிர்க்கூண்டு ஆள் வந்து உட்கார்ந்து எடுக்க வேண்டும் என்பதும் விதி. எனக்கு வந்தது பக்கத்துத் தெருப் போட்டியாளரின் பையன், காலேஜ் முதல் வருடம், வெள்ளைச் சட்டை, கையில் டப்பா.

ஒன்றரை மணி நேரம். பறவை கம்பு தின்றது, தண்ணீர் குடித்தது, பெட்டையோடு கொஞ்சியது, ஆக வேண்டிய காரியத்தை மட்டும் செய்யவில்லை. பையன் இரண்டு முறுக்கும் ஒரு டீயும் சாப்பிட்டான். டீ கிளாஸை மாடிக்குக் கொண்டுவராதே, கீழேயே வைத்துக் குடி என்றேன். ஏன் அங்கிள் என்றான். சும்மா என்றேன்.

கடைசியில் பறவை பரணுக்கு ஏறி உட்கார்ந்தது. பையன் டப்பாவை நீட்டிக்கொண்டு அதன் கீழே போய் நின்றான். விழுந்தது. டப்பாவில் இல்லை, தோளில்.

சட்டையைச் சாம்பிளாக ஏற்றுக்கொள்வார்களா என்று சங்கத்துக்கு போன் போட்டிருக்கிறான். கூடி முடிவெடுக்கும் வரை யாரும் துவைக்கக் கூடாது என்று உத்தரவு.